வாசகர் கேள்வி பதில்: கேம் செய்து பிழைக்க முடியுமா?

சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் மூன்று பேர் மொபைல் கேம் செய்து விற்கிறோம். அதற்கு முன்பு பெங்களூரில், பட்டன் போன் காலத்திலிருந்தே எனக்கு இதே வேலைதான். சென்ற இதழில் கேள்வி கேட்கச் சொன்னதும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கருப்பூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கேம் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம். சேலத்தில் இருந்தே செய்ய முடியுமா, இல்லை பெங்களூருக்குப் போய்விடுவதா? (மாணவர், கருப்பூர்)

இங்கேயே செய்யுங்கள் தம்பி. உங்கள் கேமை ஆடப்போகிறவர் சேலத்திலும் இருக்கலாம், பிரேசிலிலும் இருக்கலாம். பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க கூகுளுக்கு ஒரே ஒரு முறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர். எந்த ஊரில் இருந்து கட்டினாலும் அதே காசுதான். ஃபிளாப்பி பேர்ட் விளையாட்டை 2013இல் வெளியிட்ட டோங் நுயென், வியட்நாமின் ஹனோயில் தன்னந்தனியாக உட்கார்ந்து செய்தவர். லூடோ கிங் நவி மும்பையில் பிறந்தது.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். 1930களின் நடுவில் டி.ஆர்.சுந்தரம் அங்கே ஸ்டுடியோ கட்டினார். அந்த ஸ்டுடியோ நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. நடிகர், பாடகர், வசனகர்த்தா எல்லோரும் ரயிலேறிச் சேலத்துக்கு வந்தார்கள். நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. எங்கள் கேமுக்கு இசை அமைப்பவர் கோழிக்கோட்டில் இருக்கிறார், நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை.

பெங்களூரில் கிடைப்பது அனுபவம். நாலு பேரில் ஒருவர் அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தால் மற்ற மூவருக்கும் நல்லது. ஆனால் சொந்த வீடு, அம்மா சமையல் என்று இங்கே மிச்சமாகும் வாடகையும் சாப்பாட்டுக் காசும்தான் உங்கள் மூலதனம். முதல் கேமிலேயே காசு வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆங்ரி பேர்ட்ஸ் வருவதற்கு முன் அதைச் செய்த ரோவியோ நிறுவனம் 51 கேம்கள் செய்திருந்தது.

இன்னொன்று. நாலு பேரில் ஒருவருக்குக் கட்டாயம் கேம்பஸில் வேலை கிடைக்கும், அவர் போய்விடுவார். கோடு (நிரல்) யாருக்குச் சொந்தம், படங்கள் யாருக்குச் சொந்தம், பிளே ஸ்டோர் கணக்கு யார் பெயரில், பாஸ்வேர்டு யாரிடம் என்பதை முதல் வாரமே ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

கேஷுவல் கேம் என்றால் என்ன? என் மகன் ஆடுவதெல்லாம் துப்பாக்கிச் சண்டைதான். (இல்லத்தரசி, குகை)

சொல்லிக்கொடுக்காமலே புரிகிற விளையாட்டு. இரண்டு நிமிடம் ஆடலாம், நடுவில் குக்கர் விசில் அடித்தால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம், திரும்பி வந்தால் அங்கேயே காத்திருக்கும். 1990இல் விண்டோஸோடு வந்த சீட்டு விளையாட்டான சாலிட்டேர்தான் பல கோடிப் பேருக்கு முதல் கேஷுவல் கேம். 2001இல் பாப்கேப் நிறுவனம் கொண்டு வந்த பிஜுவல்டு கேமில் ஒரே நிறக் கற்கள் மூன்றைச் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரம் இலவசமாக ஆடலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஏறக்குறைய 20 டாலர் கொடுத்து வாங்க வேண்டும். அப்படி வாங்கியவர்களில் பெரும்பகுதி நடுத்தர வயதுப் பெண்கள் என்று தெரிந்தபோதுதான் கேம் என்றாலே பையன்கள் சமாச்சாரம் என்று இருந்த தொழில் விழித்துக்கொண்டது.

உங்களை மாதிரி ஒருவரை மனதில் வைத்துத்தான் நாங்கள் ஒவ்வொரு கேமும் செய்கிறோம். புதிய பஸ் ஸ்டாண்டில் கவனித்துப் பாருங்கள். ஒரு கையில் கட்டைப்பை, இன்னொரு கையில் போன், கட்டை விரல் மட்டும்தான் வேலை செய்யும். அந்த விரல் எட்டாத மேல் மூலையில் நான் எந்தப் பட்டனையும் வைக்கமாட்டேன்.

ஒரு லட்சம் டவுன்லோடு வந்தால் மாதம் எவ்வளவு வரும்? நேரடியாகச் சொல்லுங்கள். (தறி உரிமையாளரின் மகன், கொண்டலாம்பட்டி)

டவுன்லோடுக்கு யாரும் காசு தருவதில்லை. இன்றைக்குத் திறந்து ஆடியவர்கள் எத்தனை பேர், அதுதான் கணக்கு.

ஒரு பேச்சுக்குப் போட்டுப் பார்ப்போம். லட்சம் பேர் இறக்கியதில் இன்று ஆடுபவர் 2,000 பேர். ஆளுக்கு 4 விளம்பரம் என்றால் 8,000 விளம்பரம். ஆயிரத்துக்கு 40 ரூபாய் கிடைத்தால் ஒரு நாளைக்கு 320 ரூபாய், மாதம் 9,600. இதே 2,000 பேர் அமெரிக்காவில் உட்கார்ந்து ஆடினால் தொகை பல மடங்கு, ஏனென்றால் அங்கே விளம்பரம் கொடுப்பவன் அதிக விலை தருகிறான். இதனால்தான் சேலத்தில் செய்கிற கேமில்கூட ஆங்கிலமும் ஸ்பானிஷும் இருக்கின்றன.

இனி செலவுப் பக்கம். ஆட்களைக் கொண்டுவர நீங்களும் விளம்பரம் கொடுக்க வேண்டும். ஒருவர் இறக்க 8 ரூபாய் ஆகிறது, அவர் சலித்துப் போய் அழிக்கும் வரை உங்களுக்கு 5 ரூபாய் தருகிறார் என்று வையுங்கள். லட்சம் பேரைக் கொண்டு வந்தால் மூன்று லட்சம் ரூபாய் கைநஷ்டம். கூட்டம் சேரச் சேர நஷ்டமும் ஏறும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் யாராவது சேதாரம் பார்க்காமல் ஆர்டர் எடுப்பாரா? டவுன்லோடு எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பூரிப்பது அந்த மாதிரிதான். அந்த 5 ரூபாய் 9 ரூபாய் ஆகும் வரை விளம்பரத்தில் ஒரு பைசா போடாதீர்கள். அது ஆக வேண்டுமானால் முதல் நாள் ஆடியவர் மறுநாளும் வர வேண்டும். எங்கள் உழைப்பில் முக்கால்வாசி அந்த மறுநாளுக்காகத்தான்.

விளம்பரத்தில் மூன்று வகை. கீழே பட்டையாக ஓடுவது, திரை முழுக்க வந்து நிற்பது, ‘இதைப் பார்த்தால் ஓர் உயிர் இலவசம்’ என்று ஆடுபவரே விரும்பித் தொடுவது. மூன்றாவதில்தான் நல்ல காசு, ஆடுபவருக்கும் எரிச்சல் இல்லை. இரண்டாவதை ஆட்டத்தின் நடுவில், விரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கொண்டுவந்து நிறுத்தித் தவறுதலாகத் தொடவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பிக்பாக்கெட். அப்படி வரும் காசு எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

கேமுக்குள் ஏதாவது விற்றால், வருடத்தின் முதல் பத்து லட்சம் டாலர் வரை கூகுள் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். நம்மைப் போன்றவர்கள் அந்த எல்லையைத் தாண்டுவதற்கு வெகுகாலம் ஆகும், ஆகவே நூறு ரூபாய்க்கு 85 என்று மனதில் வையுங்கள். அதற்கு மேல் வருமான வரி, ஜிஎஸ்டி. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குத் தனி நடைமுறை உண்டு, முதல் ரூபாய் வரும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

கேமுக்குள் விளம்பரம் காட்டிக் காசு தருகிற கூகுள் சேவைக்கு ஆட்மாப் என்று பெயர். அந்தக் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க எண் ஒன்று தபாலில் வரும். கதவு எண், சந்து, பின்கோடு எல்லாம் பிசகாமல் கொடுங்கள், தபால்காரரிடமும் சொல்லி வையுங்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அதற்குள் அவசரப்பட்டு, ‘என் கேம் விளம்பரத்தை எல்லோரும் ஒரு தட்டு தட்டுங்க’ என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அது போலித் தட்டல் என்று கண்டுபிடித்துக் கணக்கையே மூடிவிடுவார்கள்.

யூனிட்டியா, கோடோவா? (ஓமலூர்)

இரண்டுமே கேம் செய்ய உதவும் மென்பொருள்கள், எஞ்சின் என்போம். இரண்டு பரிமாணச் சிறு கேமுக்கு கோடோ போதும். முழுக்க இலவசம், யாருக்கும் பங்கு தர வேண்டாம். வேலை தேடும் எண்ணம் இருந்தால் யூனிட்டி கற்றுக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்து, உலகம் முழுக்கக் கேம் செய்பவர்கள் கொதித்து, ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டது. அதனால் உங்கள் கேமின் விதிகளையும் படங்களையும் எந்த எஞ்சினுக்கும் மாற்ற முடிகிற மாதிரி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் சொல் விளையாட்டு ஒன்று செய்ய ஆசை. மாணவர்களுக்குக் கரும்பலகையில் நடத்திய ஆட்டங்கள் நிறைய இருக்கின்றன. இதற்கு ஆள் வருமா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்)

ஐயா, வணக்கம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. வரும் ஐயா. ஆங்கிலத்தில் ஜோஷ் வார்டில் என்பவர் துணைவிக்காகச் செய்த, மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேர்டில், 2021 அக்டோபரில் பொதுவெளிக்கு வந்து, 2022 ஜனவரியிலேயே நியூயார்க் டைம்ஸ் கைக்குப் போனது. நாளுக்கு ஒரே ஒரு சொல், அப்போது விளம்பரம் கிடையாது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவ்வளவுதான் அதன் பலம்.

தமிழில் செய்யும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன், ஏனென்றால் நிரல் எழுதுபவர்கள் இதில்தான் தடுக்கி விழுவார்கள். தக்காளி என்பது உங்களுக்கும் எனக்கும் நாலு எழுத்து: த, க், கா, ளி. கம்ப்யூட்டருக்கு அது ஏழு. த, க, புள்ளி, க, துணைக்கால், ள, இகரக் குறி என்று பிரித்து எண்ணும். நாலு கட்டம் போட வேண்டிய இடத்தில் ஏழு கட்டம் போட்டுவிடும், புள்ளி தனியாக ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ‘கண்ணுக்குத் தெரியும் எழுத்தை ஒன்றாக எண்ணு’ என்று நிரலில் சொல்ல வழி இருக்கிறது. உங்களிடம் வேலைக்கு வரும் பையனிடம் முதல் நாளே ‘கொக்கு’ என்று தட்டச் சொல்லி, மூன்று கட்டம் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது விசைப்பலகை. 247 எழுத்தையும் திரையில் பரப்ப முடியாது. மெய்யைத் தொட்டதும் அதன் வரிசை மட்டும் மேலே விரிகிற மாதிரி வைத்தால் இரண்டே தொடலில் எந்த எழுத்தும் வந்துவிடும். எழுத்தும் இடமும் சரியானால் வேர்டிலில் கட்டம் பச்சையாகும், அதுபோல் பாதி பச்சை என்று ஒரு குறியும் வையுங்கள். விடையில் ‘கா’ இருந்து ஆடுபவர் ‘கி’ போட்டால், மெய் சரி, உயிர் தவறு என்று அது காட்டும். ஆங்கிலத்தில் இதற்கு வழியே இல்லை, தமிழில்தான் இந்த ருசி.

காசு விஷயம்: தமிழ்நாட்டுக்குள் விளம்பர வருமானம் குறைவு. சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன் தமிழர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க என்ன கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு விளம்பரமே இல்லாத பதிப்பை ஒரு முறை விலை வைத்து விற்கலாம். ஆனால் ஐயா, சொல் பட்டியலை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். இணையத்தில் அள்ளிய பட்டியலில் பிழையும் வசையும் கலந்திருக்கும். ஒவ்வொரு சொல்லும் உங்கள் கண்ணில் பட்டுத்தான் வெளியே போக வேண்டும். இந்தக் கேமில் விற்பனைக்கு இருப்பதே உங்கள் தேர்வுதான்.

என் மகன் போனில் ஏதோ கேமில் வைரம் வாங்கி நாலாயிரம் ரூபாய் போய்விட்டது. உங்களைப் போன்றவர்கள் இப்படிச் செய்யலாமா? (பெயர் வேண்டாம், அம்மாப்பேட்டை)

செய்யக்கூடாது. உங்கள் கோபம் நியாயமானது.

முதலில் செய்ய வேண்டியது: 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுள் பிளே வழியாகவே பணத்தைத் திரும்பக் கேட்கலாம், குழந்தை தெரியாமல் வாங்கியது என்று காரணம் குறிப்பிடுங்கள். நேரம் கடந்துவிட்டால் கேம் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பிறகு பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி வையுங்கள். மகனை அடிக்க வேண்டாம் அக்கா. நேரில் நூறு ரூபாய் நோட்டைக் கொடுக்கத் தயங்குகிற பிள்ளை, வைரமாக மாறிய நூறு ரூபாயைத் தயங்காமல் கொடுக்கும். பெரியவர்களுக்கே அது புரியாமல் போக வேண்டும் என்றுதான் ரூபாயை வைரமாகவும் காசாகவும் மாற்றிக் காட்டுகிறார்கள்.

பணம் கட்டி பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ரம்மி வகையறா வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் அவற்றையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் தடை செய்கிறது. நாங்கள் செய்வது அந்த வகை இல்லை. ஆனாலும் சட்டம் தடுக்காத தூண்டில்கள் எங்கள் தொழிலில் இருக்கின்றன: தோற்றதும் ஐந்து நொடி எண்ணிக்கை ஓடவிட்டு ‘இப்போதே வாங்கு’ என்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை விற்பது. எங்கள் கேம்களில் இரண்டும் இல்லை. விற்பது ஒன்றே ஒன்று, விளம்பரத்தை நிறுத்தும் வசதி. ரூபாயில் விலை போட்டிருக்கும், ஒரு முறை வாங்கினால் போதும். ஃபிளாப்பி பேர்ட் ஒரு நாளைக்கு 50,000 டாலர் சம்பாதிப்பதாகச் செய்தி வந்த நேரத்தில், மக்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்று சொல்லி 2014 பிப்ரவரியில் டோங் நுயென் அதை எடுத்தே விட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு நிரம்ப மரியாதை.

நான் வெளியிட்ட புதிர் கேமை அப்படியே காப்பி அடித்து இன்னொருவர் போட்டுவிட்டார். வழக்குப் போடலாமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

உங்கள் படம், இசை, கோடு இவற்றை எடுத்திருந்தால் பிளே ஸ்டோரில் பதிப்புரிமை (காப்பிரைட்) புகார் கொடுங்கள், அந்தக் கேமை நீக்கிவிடுவார்கள். விதிகளை மட்டும் எடுத்திருந்தால் வழி இல்லை. ஒரு ஆட்டத்தின் விதிக்குப் பதிப்புரிமை கிடையாது.

2014இல் நடந்ததைச் சொல்கிறேன். த்ரீஸ் என்ற எண் புதிரை அதன் படைப்பாளிகள் 14 மாதம் இழைத்து இழைத்துச் செய்து பிப்ரவரியில் விலைக்கு வெளியிட்டார்கள். அடுத்த மாதமே அதே சாயலில் 2048 வந்தது. இத்தாலிய இளைஞர் கேப்ரியேல் சிருல்லி ஒரு வார இறுதியில் எழுதி இலவசமாகக் கொடுத்தது. உலகம் 2048ஐத்தான் ஆடியது. எனக்கு இன்றும் த்ரீஸ்தான் நல்ல ஆட்டம் என்று படுகிறது, ஆனால் ஆட வந்தவர்களுக்கு 2048 முதல் நிமிடத்திலேயே பிடிபட்டது, காசும் கேட்கவில்லை. நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, அந்த ஆள் நகலெடுக்க முடியாத வேகத்தில் புது நிலைகளை (லெவல்) சேர்ப்பது. பெயரை வர்த்தக முத்திரையாகப் பதியுங்கள். அந்த ஆளோடு விமர்சனப் பகுதியில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவை வைத்து ஒரு கேம் செய்தால் எடுபடுமா? (காபித் தோட்டக்காரர், நாகலூர்)

இடம் அழகு என்பதால் மட்டும் எடுபடாதுங்க. விரலுக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லுங்கள். பிரேசிலில் ஆடுபவருக்கு ஏற்காடு எது, ஊட்டி எது என்று தெரியாது.

ஆனால் அந்த ரோட்டிலேயே ஒரு ஆட்டம் ஒளிந்திருக்கிறது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். அடிவாரத்திலிருந்து முக்கி முக்கி ஏறும் பஸ், மேலேயிருந்து மிளகு மூட்டையோடு வரும் டெம்போ, ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டம், நடு ரோட்டில் குரங்கு. வளைவுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார் என்று தெரியாது, ஹாரன் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு தொடு தொட்டால் இறங்குகிற வண்டி நிற்கும், விட்டால் நகரும். ஒரே விரல், ஒரே செயல். முதல் வளைவில் இரண்டு வண்டி, இருபதாவதில் மூடுபனி. மே மாதக் கோடை விழா அன்றைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், அதுதான் கடைசி நிலை.

வளைவுக்கு வளைவு எண் பலகை இருக்கிறதே, அதையே நிலை எண்ணாக வையுங்கள். ஹாரன் சத்தத்தை நீங்களே போனில் பதிவு செய்யுங்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேறு வேறு சத்தம் என்பது உங்களுக்குத் தெரியும், சென்னையில் உட்கார்ந்து செய்பவருக்குத் தெரியாது. நிஜமாகவே செய்வதாக இருந்தால் எழுதுங்கள், நானே ஒருநாள் மேலே வருகிறேன்.

தனியாக ஒரு கேம் முடித்துவிட்டேன். வெளியிட 12 பேர் 14 நாள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது கூகுள். 12 பேருக்கு எங்கே போவேன்? காசுக்கு ஆள் தருவதாக ஒருவர் சொல்கிறார். (கல்லூரி மாணவி, வாழப்பாடி)

காசு கொடுக்காதே கண்ணு. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு இந்த விதி. 12 பேரும் இடையில் விலகாமல் 14 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். வகுப்புத் தோழிகள், அத்தை, சித்தி, ஹாஸ்டல் வார்டன், பக்கத்து வீடு என்று எண்ணினால் இருபது பேர் தேறுவார்கள். ஒருவர் இருவர் நழுவுவார்கள், ஆகவே கூடுதலாகவே சேர்த்துக்கொள். கூகுள் கேட்கிறது என்பதற்காக இதைக் கடமைக்குச் செய்யாதே, உனக்கு இதைவிடப் பெரிய உதவி கிடைக்காது.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பழம் அடுக்கும் கேமைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். ‘தொடங்கு’ என்ற பட்டனை அவர் தொடவே இல்லை. மாம்பழப் படத்தையே திரும்பத் திரும்பத் தொட்டார், பழம்தானே பெரிதாகத் தெரிகிறது. ‘கீழே பாருங்கக்கா’ என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்று மாலையே பட்டனை எடுத்துவிட்டு, மாம்பழத்தைத் தொட்டால் ஆட்டம் தொடங்கும்படி மாற்றினோம்.

நீயும் அப்படிச் செய். உன் அம்மாவிடம் போனைக் கொடு. ‘இது என்ன கேம்’ என்று கேட்டாலும் பதில் சொல்லாதே. முகத்தை விட்டுவிட்டு, அவர் விரலும் திரையும் தெரிகிற மாதிரி முதல் இரண்டு நிமிடத்தை வீடியோ எடு. கேமை அனுப்ப வேண்டாம், அந்த வீடியோவை இதழ் முகவரிக்கு அனுப்பு. எங்கே தயங்கினார், எங்கே சிரித்தார், எந்த இடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்தார் என்று பார்த்து அடுத்த இதழில் எழுதுகிறேன்.